புத்தூரில் ஒரு சீனப் பட்டத்தரசி

வியாழன், பிற்பகல் ஒன்றரை. கொழும்பில் விடிகாலை ஏறிய ரயிலிலிருந்து சுன்னாகத்தில் இறங்கினேன். புத்தூரில் படிப்பிக்கும் என் தோழி ரஞ்சினி எழுதிய நாடகம், அன்று மாலை ஐந்து மணிக்குத் தேவாலய மண்டபத்தில். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஒரு சீனப் பட்டத்தரசியின் கதை. நடிப்பவர்கள் ஊர்ப் பெண்கள்.

ரஞ்சினி அனுப்பிய ஆட்டோ வெளியே நின்றது. ஏறக்குறைய எட்டுக் கிலோமீட்டர், ஆயிரம் ரூபாய். சந்தையின் வெங்காய வாசனை விலகியதும் செம்மண் தோட்டங்கள் தொடங்கின.

"நாடகத்துக்கோ வாறியள்?" என்றார் ஓட்டுநர் தவராசா.

"ஓம்."

"நடக்குமோ தெரியாது. என்ரை மனிசி செல்வராணி நடிக்கமாட்டன் எண்டு நிக்கிறா. அவதான் இந்தப் பகுதியிலை வீடு வீடாப் போய்த் தாய்மாரைப் பாக்கிற மருத்துவமாது. அவவுக்குக் குடுத்தது நஞ்சு வைக்கிற வைத்தியச்சியின்ரை வேசம்."

இரண்டு மணி. மண்டபத்தில் ரஞ்சினியும் செல்வராணியும் எதிரெதிரே இருந்தார்கள். என்னைக் கண்டதும் ரஞ்சினி கதையைச் சொன்னாள்.

அரசி, தண்டனை பெற்ற ஒரு சிறு உத்தியோகத்தனின் மகள். கணவன் அரச குலத்தில் பிறந்தும் குழந்தையாகச் சிறையில் கிடந்தவன். சாதாரணக் குடிமக்களாக வாழ்ந்தார்கள். மகன் பிறந்த சில மாதங்களில், எதிர்பாராமல் கணவனுக்கு அரியணை கிடைத்தது. பெரிய அமைச்சரின் மகளையே பட்டத்தரசியாக்க வேண்டுமென்று சபை நினைத்தது. அவனோ, தான் வறியவனாக இருந்தபோது வைத்திருந்த பழைய வாளைத் தேடித் தரும்படி ஆணையிட்டான். பழையதை அவன் கைவிடமாட்டான் என்று சபைக்கு விளங்கியது. பழைய மனைவிக்கே பட்டம் கிடைத்தது. அரண்மனையிலும் அவள் எளிய உடைதான் உடுத்தாள். முந்திய அரசனின் விதவையான பெரிய அரசிக்குத் தன் கையாலேயே உணவு பரிமாறினாள். மூன்றாம் ஆண்டில் மறுபடி பிள்ளை பெற்றாள். தன் மகளைப் பட்டத்தரசியாக்க, அமைச்சரின் மனைவி ஒரு வைத்தியச்சியைப் பிடித்து, மருந்தில் வச்சநாவி என்ற நச்சு வேரைக் கலப்பித்தாள்.

"குடிச்சாப் பிறகு தலை பாரமாக்கிடக்கு, இதிலை நஞ்சு கிடக்கோ எண்டு அரசி கேட்டவ," என்றாள் ரஞ்சினி. "வைத்தியச்சி இல்லை எண்டு சொன்னவ. அரசி செத்துப்போனா."

"அந்த 'இல்லை'தான் எனக்கு வாயிலை வருகுதில்லை," என்றார் செல்வராணி. "நாளைக்குக் காலமை பிள்ளை பெத்த வீடுகளுக்கு நான் மருந்துக் குளிசையோடை போகோணும். ஆர் வாங்கிக் குடிப்பினம்?"

"வேண்டாமெண்டால் எடுத்துவிடுறன், அக்கா. காய்ச்சலிலை செத்தா எண்டு மாத்துவம்."

செல்வராணி தன் வசனத் தாளை எடுத்தார். "அப்பிடி மாத்தினால் கொலை செய்தவையள் தப்பிவிடுவினம், ரீச்சர். நான் நடிக்கிறன்."

மாலையில் மண்டபம் நிறைந்திருந்தது. அரசி தலையைப் பிடித்துக்கொண்டு கேட்டபோது, செல்வராணி நெடுநேரம் பேசவில்லை. வசனம் மறந்துவிட்டாரோ என்று பயந்தேன். பிறகு மெல்ல, "இல்லை" என்றார். கைதட்டல் கேட்கவேயில்லை. சனம் கலைந்தபோது மற்ற நடிகைகளைச் சுற்றிக் கூட்டம். அவருக்கு அருகில் தவராசா மட்டுந்தான்.

வெள்ளி, காலை ஒன்பது. செல்வராணியின் ஸ்கூட்டரில் நானும் போனேன். முதல் வீட்டில், பத்து நாள் குழந்தையின் தாய் உள்ளே படுத்திருந்தாள். வாசலில் நின்ற மாமியார் முதல் நாள் நாடகம் பார்த்தவர்.

"மிஸ், அந்தக் குளிசையிலை என்ன கிடக்கு?"

செல்வராணியின் முகம் சுருங்கியது. எனினும் உள்ளே போய் உட்கார்ந்து, அட்டையை வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொன்றையும் விளக்கினார். "இது இரும்புச்சத்து. மலம் கறுப்பாப் போகும், பயப்பிட வேண்டாம். இது கல்சியம். ரெண்டையும் ஒரே நேரத்திலை போடக்கூடாது."

மாமியார் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு தண்ணீர் கொண்டுவந்து மருமகளிடம் கொடுத்தார். அவள் விழுங்கினாள்.

அடுத்த இரண்டு வீடுகளிலும் அதே கேள்வி. அதே நிதானமான பதில். மூன்றாம் வீட்டுப் படலையைச் சாத்தியபடி செல்வராணி சொன்னார்: "இத்தினை வருசமாக் குடுக்கிறன். ஒருத்தரும் கேட்டதில்லை. நானும் இருந்து சொன்னதில்லை."

நண்பகலில் யாழ்ப்பாணம் போகும் பேருந்தில் ஏறினேன். கொழும்பில் என் மேசை மேல் மூன்று வகை மாத்திரைகள் இருக்கின்றன. மருந்துக்கடையில் தருபவரிடம் நான் ஒரு நாளும் எதுவும் கேட்டதில்லை. எனக்குப் பின்னால் எப்போதும் வரிசை நிற்கும். அந்த அரசியாவது கேட்டாள். குடித்த பிறகுதான் கேட்டாள்.