கத்தாத டிரேசர்

அண்ணனூர் சகாயமேரி வயரிங் படிக்கப் போனபோது, "பொட்டப்புள்ள ஏணி ஏறி இன்னா பண்ணப் போவுது?" என்று உறவே சிரித்தது. 1993இல், ஆவடியில் ஒரு சிறிய நர்சிங் ஹோமின் ஆபரேஷன் தியேட்டர் வாசலில், அவள் ஏணிமேல்தான் நின்றிருந்தாள்.

உள்ளே ஒரு பெண்ணின் வயிற்றைத் திறந்திருந்தார்கள். ரத்தம் உறிஞ்சும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே, வயர் போகும் குழாயிலிருந்து கருகல் நாற்றம். விட்டுவிட்டு எரிந்த வராந்தா விளக்கு அணைந்திருந்தது. ஏணிக்கு மேலிருந்த வயர் பெட்டியில் இரண்டு ஜோடி வயர். ஒன்று மோட்டாருக்கு, ஒன்று விளக்குக்கு. எல்லாமே கறுப்பு. மெயினை அணைத்தால் மோட்டார் நின்றுவிடும். விளக்கு ஜோடியை மட்டும் வெட்ட வேண்டும்.

மோட்டார் லைனிலேயே இருந்த வாசல் பிளக்கில் வயர் போகும் வழியைச் சத்தத்தால் காட்டும் டிரேசரின் ஒரு கிளிப்பையும், எர்த்தில் மற்றதையும் மாட்டியிருந்தார் கூட்டாளி கஜபதி. அதன் குச்சியைக் காட்டினால் மோட்டார் ஜோடியில் கத்த வேண்டும்; எந்த ஜோடிக்கும் அது கத்தவில்லை. பக்கத்து ஏணியில் ஏறி, கரண்ட் இருந்தால் எரியும் டெஸ்டரை ஒரு ஜோடியில் வைத்தார்.

"இதுல எரியல மேரி. இதான் வெளக்கு லைனு. வெட்டிறவா?" கட்டர் வயரைக் கவ்வியது.

"இரு அண்ணாத்தே! அடுத்ததுல வெச்சுப் பாரு."

அதிலும் எரியவில்லை.

"அப்ப மோட்டாரு எதுல ஓடுது? காத்துலயா?"

மேரிக்குப் பழைய பட்டறை நினைவு வந்தது. டெஸ்டர் எரியாத இரண்டு வயரைச் சேர்த்துத் தொட்டுச் சுருண்டு விழுந்தவள் அவள்.

"தியேட்டருக்குத் தனி டிரான்ஸ்பார்மர் வெச்சுகீறாங்க, இந்த வெளக்கும் அதுலதான். எர்த்தோட ஒட்டே இல்ல. டெஸ்டர் எரியாது, டிரேசரும் கத்தாது. ரெண்டு கிளிப்பையும் பிளக்லயே மாட்டு."

மாட்டினார். அப்போதும் மௌனம். புகை கண்ணைக் கரித்தது.

"இப்பவும் கத்தலியேம்மா!"

"போற வயரும் வர்ற வயரும் ஒட்டிகினு கீது. ஒண்ணோட சத்தத்த ஒண்ணு முழுங்குது."

பையிலிருந்த பிளாஸ்டிக் சீப்பின் காம்பை முதல் ஜோடிக்கு நடுவே நுழைத்துப் பிரித்தாள். டிரேசர் கீச்சிட்டது. கஜபதி வெட்டப்போன ஜோடிதான் மோட்டாருடையது. மற்றதைப் பிரித்தாள். சத்தமில்லை.

"இதான் வெளக்கு லைனு. ஒவ்வொண்ணா வெட்டு, சேத்து வெட்டுனா பியூஸ் போயிரும்."

முதல் வயர். இரண்டாவது. மோட்டார் ஓடியது. நாற்றம் மெல்ல அடங்கியது. மேரி இறங்கவில்லை, அந்த இரைச்சலையே கேட்டுக்கொண்டு நின்றாள்.

திடீரென்று மோட்டார் நின்றது.

கஜபதியின் கையிலிருந்து கட்டர் நழுவிக் கீழே விழுந்தது. மேரி ஏணியை இறுகப் பற்றினாள்.

கதவைத் திறந்து லூர்தம்மாள் சிஸ்டர் எட்டிப் பார்த்தார். "இன்னாத்துக்கு இப்படி முழிக்கிறீங்க? தையல் போட்டாச்சு. நாந்தான் மோட்டார ஆப் பண்ணேன்."