இரண்டு நிமிடத்துக்குள் மூன்று முறை

என் வீட்டுக்காரருக்குக் கத்துவதற்குத்தான் சம்பளம். தொழிலாளர் வழக்குகளை விசாரிக்கிற நீதிமன்றத்தில், மூன்றாவது மாடியில், கதவோரம் நின்று வழக்குப் போட்டவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். மூன்று முறை கூப்பிட வேண்டும். ஆள் வந்து நின்றால் விசாரணை நடக்கும். வராவிட்டால் உள்ளே திரும்பி, "ஆஜர் இல்லை ஐயா" என்பார், வழக்கு தள்ளுபடி. இருபத்தாறு வருஷமாக இதே வேலை. வக்கீல்கள் இவருக்கு வைத்த பேர் மைக்செட். வீட்டுக்கு வந்தால் மட்டும் மைக்செட்டுக்குக் கரண்ட் இருக்காது. ஒரு கேள்வி கேட்டுப் பதில் வாங்குவதற்குள் நான் ஒரு சட்டைக்கு முழுசாகக் காஜா எடுத்துவிடுவேன்.

அந்தக் கட்டடத்தைக் கட்டியவன் கையில் கிடைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பேன். தண்ணீரும் கழிப்பறையும் தரைத்தளத்தில். லிஃப்ட் நீதிபதிக்கும் ஊழியர்களுக்கும் மட்டும். வழக்குக்கு வருகிறவர்களோ மெஷினில் கை போனவர்கள், மூட்டை தூக்கி இடுப்பு போனவர்கள். காலை பத்து மணிக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தால், எப்போது கூப்பிடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. மூன்று மணி நேரம் அடக்கிக்கொண்டிருந்துவிட்டு ஒருவர் கீழே இறங்கினால், சொல்லி வைத்தாற்போல அப்போதுதான் அவர் முறை வரும்.

இதற்கு இவர் ஒரு வழி வைத்திருந்தார். இரண்டு முறை கதவோரம் கூப்பிடுவார். ஆளைக் காணோம் என்றால் மூன்றாவதை உடனே கூப்பிடமாட்டார். இருமுவார், செருப்பு வாரைச் சரிசெய்வார், அப்படியே நகர்ந்து படிக்கட்டு வரைக்கும் போய்க் கீழே பார்த்து ஒரு குரல் விடுவார். எத்தனையோ பேர் அந்தக் குரலைக் கேட்டு ஏறி வந்து வழக்கைக் காப்பாற்றிக்கொண்டார்கள். இப்படிச் செய்யலாம் என்று எந்த விதியிலும் இல்லை.

நூல் மில்லில் பெருக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாவுக்கு மட்டும் அது உதவவில்லை. வண்டி இடித்து முட்டி போனதும் மில்லில் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். வேலையைத் திருப்பிக் கேட்டு நாலு வருஷமாக வழக்கு. அன்றைக்கு நீதிபதிக்கு என்ன அவசரமோ, "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டியிருக்கிறார். இவர் மூன்றையும் கதவோரமே கூப்பிட்டு முடித்துவிட்டார். மில்லுக்காரம்மா கழிப்பறையிலிருந்து மேலே ஏறி வருவதற்குள் தள்ளுபடி. வழக்கைத் திரும்ப எடுக்கச் சொல்லி மனுப் போட்டுவிட்டு, அந்த அம்மா ஒரு வருஷத்துக்கும் மேலே காத்திருந்தார்.

தள்ளுபடியான அன்று இவர் சாப்பிடவே உட்காரவில்லை. அடுத்த வாரம் மேலிடத்துக்கு ஒரு மனு எழுதினார். தள்ளுபடி செய்யும் முன் தரைத்தளத்திலும் ஒருமுறை கூப்பிட வேண்டும், நடக்க முடியாதவர்களுக்கு லிஃப்டைத் திறந்துவிட வேண்டும். அவ்வளவுதான் மனு.

"உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு? பழையபடி படிக்கட்டுல நின்னு கூப்பிட வேண்டியதுதானே?" என்றேன்.

"எல்லாருக்கும் போறேனா?"

"போறீங்கதானே."

"இல்ல. மூஞ்சி தெரிஞ்சவங்களுக்குப் போறேன். பார்த்தா பாவமா இருக்கறவங்களுக்குப் போறேன். கால் வலிச்சா யாருக்கும் போறதில்ல. ஒருத்தருக்கு ஆறு நிமிஷம், இன்னொருத்தருக்கு அரை நிமிஷம், இது என்னய்யா நியாயம்னு மில்லு வக்கீல் கேட்டாரு. கேட்டது சரிதான். ஒருத்தரோட பொழப்பு என் காலை நம்பி இருக்கக் கூடாது. அது விதியா இருக்கணும்."

"அந்த விதியை எழுதப்போறவங்க லிஃப்டுல போறவங்க" என்றேன். அவர் மனுவை மடித்து உறையில் போட்டார்.

மனு மேசை மேசையாக நகர்ந்தது. ஒரு மேசையில் தேதி இல்லை என்றார்கள், இன்னொன்றில் நகல் இல்லை என்றார்கள். பதினான்கு மாதம் கழித்து ஒரு குழு போட்டு இவரை அழைத்தார்கள். அதிகாரி ஒருவர் நாற்காலி போட்டு, மரியாதையாகக் கேட்டாராம்: "இப்ப நீங்க எப்படிக் கூப்பிடறீங்க?" என் வீட்டுக்காரருக்குப் பொய் வராது. அதைவிடக் கொடுமை, பாதி உண்மையோடு நிறுத்தவும் வராது. இருமலிலிருந்து படிக்கட்டு வரை ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டு வந்தார்.

அடுத்த மாதம் சுற்றறிக்கை வந்தது. எல்லோரையும் சமமாக நடத்தும்பொருட்டு, மூன்று அழைப்பும் இரண்டு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். அழைப்பவர் கதவை விட்டு நகரக் கூடாது. லிஃப்ட் விஷயம் பின்னர் பரிசீலிக்கப்படும். கடைசியில், ஊழியர் ஒருவரின் மனுவை ஏற்று இந்த ஆணை என்று போட்டிருந்தார்கள்.

எல்லோருக்காகவும் கீழே போய்க் கூப்பிடுவதும் சமம்தான், யாருக்காகவும் போகாமல் இருப்பதும் சமம்தான். எது அவர்களுக்குச் சுலபமோ அதை எடுத்துக்கொண்டார்கள். இவரிடம் இருந்த ஒரே ஓட்டையையும் இவர் கையெழுத்தை வைத்தே அடைத்துவிட்டார்கள்.

பத்தே நாளில் மில்லுக்காரம்மாவின் மனு விசாரணைக்கு வந்தது. இவர் காலையிலேயே பெஞ்சருகே போய், "எங்கேயும் எழுந்து போயிடாதீங்கம்மா" என்று சொல்லியிருக்கிறார். ஒன்றரை மணி வரை அந்த அம்மா அசையவில்லை. உடம்பு சுற்றறிக்கை படிக்குமா? இறங்கிப் போனார். இங்கே பேர் வந்துவிட்டது.

இதையெல்லாம் இவர் அன்று சாயங்காலம், சட்டையைக்கூடக் கழற்றாமல், என் தையல் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னார். மூன்றாவது முறை கூப்பிட்டபோது படிக்கட்டிலிருந்து, "வரேன் ஐயா, வந்துட்டேன்" என்று குரல் வந்ததாம். வராந்தாவில் எல்லோருக்கும் கேட்டதாம். உள்ளே நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாராம், பிறகு இவரைப் பார்த்தாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆஜர் இல்லை ஐயான்னு சொன்னேன்."

"குரல் கேட்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"ரெண்டு நிமிஷம் முடிஞ்சிடுச்சு. விதியில குரல் கிடையாது. ஆள் கதவுகிட்ட நிக்கணும்." மெஷின் மேல் கிடந்த துணியை நகர்த்தி வைத்தார். "நான் சொல்லி முடிக்கறப்போ அவங்க வந்து என் தோள்கிட்ட நின்னுட்டாங்க. மூச்சு வாங்குது. நான் சொன்னதைப் பக்கத்துல நின்னே கேட்டாங்க."

இவரைத் திட்ட வேண்டும் போல இருந்தது.

"அப்புறம்?" என்றேன்.

"அடுத்த பேரைக் கூப்பிட்டேன்."