சுண்ணாம்பில் ஒரு லஸ் முனை

கையை நீட்டிச் சிக்னல் காட்டாமல் வால்டர் சார் பள்ளிக்கூட வராந்தாவில்கூடத் திரும்பமாட்டார். வீட்டிலும் அப்படித்தான். அடுப்படி வாசலில் அவர் நீட்டிய கை பட்டு, மனைவி டோரதி ஏந்தி வந்த ரசம் இரண்டு முறை கவிழ்ந்திருக்கிறது. "ஹாரன் அடிச்சுட்டு வரக்கூடாதா?" என்று அவளைத்தான் கடிந்துகொண்டார்.

சாந்தோமில் பிறந்து வளர்ந்தவர். மந்தைவெளிப் பள்ளி ஒன்றில் பூகோள வாத்தியார். ஆனால் ஆறாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் அவர் நடத்துவது போக்குவரத்து. மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால், நாலு ரோடும் கூடி நெரியும் லஸ் முனையைப் போடுவார். நெட்டையன் கபாலிதான் பஸ். அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடிவரும் எட்டுப் பேர் பிரயாணிகள். மற்றவர்கள் கார், சைக்கிள், கை ரிக்ஷா. "ரோடு ஒண்ணும் உங்க வீட்டுக் கூடம் இல்ல, லெஃப்டுல போ!" என்று சார் போடும் சத்தம் தெருக்கோடி வரை கேட்கும்.

மாட்டைக் கொண்டுவந்தவள் முத்துலட்சுமி. பால்காரர் வீட்டுப் பெண். "மாடு இல்லாம இன்னா சார் லஸ்ஸு?" என்று ஒருநாள் கேட்டாள். சார் நியாயஸ்தர். யோசித்துப் பார்த்து அவளையே மாடாக்கிவிட்டார். "மாட்டுக்கு விசிலும் தெரியாது, சிக்னலும் தெரியாது. வண்டிக்காரன்தான் பொறுத்துப் போகணும்" என்று பாடமும் நடத்தினார்.

"நடுரோட்டுல படுத்துக்கிச்சுன்னா, புல்லு காட்டினா ஏந்திருக்குமா சார்?" என்றான் கபாலி.

"எங்க மாடு புல்ல மோந்துகூடப் பாக்காது. போஸ்டருதான் துன்னும்" என்றாள் முத்துலட்சுமி, பெருமையாக.

போன வெள்ளிக்கிழமை வகுப்பைப் பார்க்கப் போக்குவரத்து இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் தலையாட்டினால் வகுப்பு தொடரும். இல்லாவிட்டால் அந்தப் பீரியடு டிரில் மாஸ்டருக்கு என்று ஹெட்மாஸ்டர் முன்பே கறாராகச் சொல்லியிருந்தார். பாவம், வால்டர் சார் வாரம் முழுக்கக் காத்திருப்பதே அந்த முக்கால் மணி நேரத்துக்குத்தான். நாலு பக்கத்துக்கு வரவேற்புரை எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

அதை எடுப்பதற்குள் முத்துலட்சுமி நடுச்சந்தியில் படுத்துவிட்டாள். பஸ் நின்றது. பஸ் மேல் கார் மோத, கார் மேல் ரிக்ஷா மோத, மைதானம் முழுக்க 'பாம் பாம்' என்று ஒரே இரைச்சல். சார் விசில் ஊதினார். கையை ஆட்டினார். கடைசியில் குனிந்து, "எழுந்திரும்மா, கண்ணுல்ல" என்று கெஞ்சினார்.

"ம்மா" என்றாள் அவள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மாட்டுக்கு விசில் தெரியாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்கோ?" என்றாள்.

"சார், பேசஞ்சரெல்லாம் எறங்கிப் போய்க்கினு கீறான்!" என்று பஸ் அலறியது.

இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டிரில் மாஸ்டர் மீசையைத் தடவிக்கொண்டார்.

வால்டர் சார் வரவேற்புரையை வெளியே எடுத்தார். முதல் பக்கத்தைக் கிழித்து, மாட்டின் மூக்குக்கு நேரே நீட்டினார். முத்துலட்சுமி மோந்து பார்த்தாள். ஒரு வாய் கடித்தாள். எழுந்தாள். சார் காகிதத்தைக் காட்டிக்கொண்டே பின்பக்கமாக நடக்க, அவள் மென்றபடி நாலு காலில் பின்னாலேயே போனாள். வழி கிடைத்ததும் பஸ் கிளம்பியது. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்து, தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார்.

சார் அதைப் பார்க்கவில்லை. மாட்டை ஓரமாகத் திருப்புவதற்கு இடக்கையை நீட்டிச் சிக்னல் காட்டிக்கொண்டிருந்தார்.