ஒத்தூதுபவர்

சுவிஸின் நொஷாட்டல் நகரில் அகதி விண்ணப்பத்திற்குப் பதில் பார்த்திருந்த எண்பதுகளின் நடுப்பகுதியில் எனக்கு இரண்டு உடைமைகள் இருந்தன: கோப்பை கழுவும் வேலை ஒன்று, விவாத மேடையில் தோற்றதில்லை என்ற செருக்கு மற்றொன்று. வேலையால் எவருக்கும் தீங்கு நேரவில்லை.

எங்கள் உணவகத்தின் சமையற்காரர் பெய்ரூட்டிலிருந்து வந்த ஆர்மேனியர். அப்ரிகொட் மரத்தில் கடைந்த 'துடுக்' என்னும் குழலை வாசிப்பார். அவர் பாட்டை வாசிக்க, அவருடைய மைத்துனர் அருகில் அமர்ந்து இன்னொரு துடுக்கில் ஒரே சுரத்தை மூச்சு அறாமல் பிடித்திருப்பார். என் அறையில் இருந்த அண்ணையிடம் இதைச் சொன்னேன்.

"துடுக்கோ? அதுக்கு ஏன் ஆர்மேனியாவுக்குப் போவான்? உன்ர வாயிலையே கிடக்குது" என்றார்.

நகரில் வெளிநாட்டவர் விழா ஏற்பாடானது. ஓரளவு பிரெஞ்சு பேசுவேன் என்பதால் தமிழர் சார்பில் நான் குழுவில் இருந்தேன். கூட்டம் நடந்த நேரத்தில் சமையற்காரருக்கு அடுப்படியை விட்டு வர முடியவில்லை.

"எங்கள் பிள்ளைகள் இந்தப் பாட்டுகளைக் கசெற்றில்தான் கேட்டிருக்கிறார்கள். நாங்கள் இருவரும் வாசிக்க வேண்டும். அதை மட்டும் சொல்லிவிடு" என்றார்.

மேடை சிறியது என்று சொல்லிக் குழுவின் செயலாளர் அம்மையார் ஆட்களைக் குறைத்துக்கொண்டே வந்தார். "இந்த இரண்டாமவர் என்ன செய்வார்?"

எங்கள் நாதஸ்வரக் கச்சேரியிலும் அப்படி ஒருவர் உண்டு. அவர் ஊதுவது ஒத்து. ஆனால் விவாத மேடையில் 'ஒத்தூதுபவன்' என்றால் சொந்தப் புத்தியின்றித் தலையாட்டுபவன். எதிரணியை நோக்கி நான் பலமுறை எறிந்த வசை. அந்தப் பொருளையே பிரெஞ்சில் பெயர்த்தேன்: "முதலாமவர் எதைச் சொன்னாலும் ஆமாம் என்பவர்."

சபை சிரித்தது. எனக்கு உச்சி குளிர்ந்தது. "அப்படியானால் அவர் தேவையில்லை" என்று அம்மையார் மைத்துனரின் பெயரை வெட்டினார். அக்கணமே எழுந்து மறுத்திருக்க வேண்டும். சிரிப்பை இழக்க மனமின்றி அமர்ந்திருந்தேன்.

மறுநாள் சமையற்காரரிடம் உண்மையைச் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தார்.

"அவன் பிடிக்கும் சுரம் இல்லாவிட்டால் என் சுரம் எங்கே நிற்கிறதென்று யாருக்குத் தெரியும்? பேசத் தெரிந்தவன் என்றுதானே உன்னை அனுப்பினேன்."

அம்மையாரிடம் ஓடினேன். நிகழ்ச்சி நிரல் அச்சாகிவிட்டதாம். ஓர் இனத்தின் இசையை விட ஒரு தாளின் வரிசை பெரிதாகிப்போன நாட்டின்மேல் எனக்கு எழுந்த சினம் இன்றும் ஆறவில்லை. அந்த வரிசைக்கு வாய்ப்பளித்த என் நாக்கின்மேல் எழுந்த சினமோ அதனினும் பெரிது.

விழா நாளில் சமையற்காரர் மேடையில் ஒரு நிமிடம் நின்றார். "இது இருவர் வாசிக்கும் இசை, நீங்கள் ஒருவரையே அழைத்தீர்கள்" என்று கூறி இறங்கினார். நிகழ்ச்சி முடிந்ததென்று எண்ணிச் சபை பணிவாகக் கைதட்டியது. அவரோ ஆர்மேனியப் பிள்ளைகளை மண்டபத்தின் முன்கூடத்திற்கு அழைத்துச் சென்றார். அங்கே மேலங்கிகள் தொங்கிய வரிசைக்குக் கீழே, மைத்துனரும் அவரும் வாசிக்கத் தொடங்கினர்.

அம்மையார் என்னிடம் விரைந்து வந்தார். அடுத்தது என் உரை. தலைப்பு, 'பண்பாட்டைக் காப்போம்.'

"சத்தம் உள்ளே கேட்கிறது, அவர்களை நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் நேரம் போகிறது."

"போகட்டும்" என்றேன்.

அவர்கள் வாசித்து முடிக்கும் முன் என் நேரம் தீர்ந்தது. நான் பேசவில்லை. அதற்காக எவரும் என்னை மெச்ச வேண்டாம். மறுநாள் முதல் சமையற்காரர் என்னிடம் கோப்பைகளைப் பற்றி மட்டுமே பேசினார்.