பூட்டுக்காரன் வீட்டு உண்டியல்

பூட்டுக்காரன் கையில் காசு தங்காது என்பது கல்யாணமான புதிதிலேயே அவன் மனைவிக்குத் தெரிந்துவிட்டது. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. பழைய இரும்புக் கடைப் பக்கம் போனால் மட்டும் ஆளைப் பிடிக்க முடியாது. துருப்பிடித்த பூட்டு ஒன்று கண்ணில் பட்டுவிட்டால், அதை வாங்கி வந்து பிரித்துப் போட்டுப் பார்த்தால்தான் அன்றைக்குச் சோறு இறங்கும்.

அவளுக்குப் பித்தப்பையில் கல், ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்ன பிறகு, சேமிப்பு என்பது விளையாட்டுப் பேச்சாக இல்லை. முதலில் கவர் முறை. வாடகைக்கு ஒன்று, சமையலுக்கு ஒன்று, ஆஸ்பத்திரிக்கு ஒன்று. பத்தே நாளில் ஆஸ்பத்திரிக் கவர் இளைத்துப்போய், பரணில் புதிதாக ஒரு பித்தளைப் பூட்டு உட்கார்ந்திருந்தது. அடுத்து, செல்போனில் கணக்கு எழுதுவது. எழுதினான், ஒழுங்காகவே எழுதினான். எல்லாவற்றுக்கும் ‘இதர செலவு’ என்று எழுதினான். பிறகு அவள் பணத்தை ஒரு டப்பாவில் போட்டுப் பூட்டி வைத்தாள். அவன் தொழில் என்ன என்று தெரிந்தும் பூட்டினாளே, அதை அவள் தங்கை இன்றுவரை சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

கடைசியில் அவனுக்கே ரோஷம் வந்தது. இரும்புப் பெட்டி ஒன்றை அலமாரிக்குள் சுவரோடு சேர்த்து முடுக்கினான். மேலே நோட்டு நுழைய ஒரு துளை. தன் கடையில் இருந்ததிலேயே கெட்டியான பூட்டைப் போட்டு, இருந்த ஒரே சாவியை அவள் கையில் வைத்தான்.

“பணத்துக்காக இதை நான் திறந்தா, நான் மனுஷனே இல்ல.”

“பாப்போம்” என்றாள் அவள்.

அன்றிலிருந்து வருமானத்தில் பாதி, செருப்பைக் கழற்றும் முன்பே அந்தத் துளைக்குள் போனது. இரும்புக் கடைக்காரர் ஆள் விட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார். ஒரு நாள் மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாத நேரம், அவன் அலமாரி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க நின்றான். அப்படியே திரும்பிப் போய்விட்டான். அது அவன் வாழ்க்கையிலேயே கஷ்டமான நாள்.

ஆபரேஷனுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, யாருடைய வீட்டுக் கதவையோ திறந்துகொடுக்கப் போயிருந்தவனுக்கு மைத்துனியிடமிருந்து போன் வந்தது.

“மாமா, அக்காவுக்கு வலி தாங்கல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். இன்னிக்கே ஆபரேஷன் பண்ணணுமாம். முதல்ல பணம் கட்டச் சொல்றாங்க, எடுத்துட்டு ஓடி வாங்க.”

“சாவி அவகிட்ட இருக்கே?”

“அவளை ஸ்கேனுக்கு உள்ள கொண்டுபோயிட்டாங்க. உங்களுக்கு எதுக்கு மாமா சாவி?”

வீட்டுக்கு ஓடினான். ஊரான் பூட்டையெல்லாம் பேசிக்கொண்டே திறக்கிறவனுக்கு அன்றைக்குச் சாவித் துவாரமே பிடிபடவில்லை. கம்பி இரண்டு முறை வழுக்கியது. ஒரு வழியாகப் பெட்டி திறந்தது. உள்ளே ஒரு நோட்டுகூட இல்லை.

மூலை மூலையாகத் தடவினான். வெறும் இரும்பு. பூட்டில் ஒரு சேதமும் இல்லை. இப்படித் தடயமில்லாமல் திறக்க அந்த வட்டாரத்தில் ஒரே ஆளால்தான் முடியும், அந்த ஆள் அவன்தான். சாவி அவளிடம் இருக்கிறதே என்ற யோசனை அவன் புத்திக்கு எட்டவே இல்லை. வீட்டுப் பணத்திலேயே கை வைத்துப் பழகிய திருடனுக்குச் சந்தேகம் முதலில் தன் கைமேல்தான் வரும். அவளை இழந்துவிடுவோமோ என்ற பயமும், அவள் நம்ப மாட்டாளே என்ற பயமும் ஒன்றாகச் சேர்ந்து அவனை ஆஸ்பத்திரிக்கு விரட்டின.

ஆஸ்பத்திரி வாசலில் மைத்துனி காத்திருந்தாள்.

“பணம்?”

“பெட்டி காலி.”

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். “மாமா, இன்னிக்குமா?”

அவன் அவளை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தான். மனைவி படுத்திருந்த கட்டிலுக்கு நேராகப் போனான். வலியில் அவள் முகம் வெளுத்திருந்தது.

“நான் எடுக்கலம்மா. இன்னிக்குத்தான் திறந்தேன். சத்தியமா...”

“தெரியும்” என்றாள். “நீங்க போடப் போட நான் எடுத்து பேங்க்ல கட்டிட்டேன். முதல் மாசத்துலேருந்தே.”

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

“அப்போ இத்தனை மாசமா காலிப் பெட்டிக்கா நான் காவல் இருந்தேன்? என்மேல உனக்குத் துளிகூட நம்பிக்கை இல்ல!”

“அப்போ இல்லதான்.” மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பேசினாள். “ஆனா ஒரு தரம் திறந்து பார்த்திருந்தீங்கன்னா, காலிப் பெட்டியில மறுபடி பணம் போட்டிருப்பீங்களா? வீட்டையே ரெண்டாக்கியிருப்பீங்க. தினமும் சண்டைக்கு வருவீங்கன்னு காத்திருந்தேன். நீங்க பாட்டுக்குப் போட்டுட்டே இருந்தீங்க.”

தலைமாட்டிலிருந்த பையைத் துழாவி பேங்க் கார்டை எடுத்து நீட்டினாள். அவன் வாங்கினான்.

“நம்பர்?”

தங்கையைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அவனை மட்டும் குனியச் சொன்னாள். யாரையும் கேட்காமலே எதையும் திறந்து பழகியவன், அந்த நம்பரைக் காதில் வாங்கிக்கொண்டான். மறந்துவிடுமோ என்ற பயத்தில், பணம் கட்டும் இடம் வரைக்கும் அதை முணுமுணுத்துக்கொண்டே ஓடினான்.