எவர்சில்வர் தட்டில் வண்டல்

அந்தப் புகைப்படத்தில் ஓர் எவர்சில்வர் தட்டு இருக்கிறது. கறுப்புக் கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர் அதை இரண்டு கையாலும் ஏந்தியிருக்கிறார். மாலை அவர் கழுத்தில் கிடந்தாலும், மாலை விழுந்தது தனக்குத்தான் என்பது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பக்கத்தில் நிற்பவர் எங்கள் சங்கத் தலைவர். இந்தப் பக்கம் கையில் காகிதத்தோடு, வாய் பிளந்தபடி நிற்பவன் நான். நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, “தட்டுல இருக்கது கேசரியாப்பா?” என்று கேட்டீர்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அது கேசரி இல்லை, மண். இப்போது நீங்கள் வளர்ந்து, மண்ணைக் கெடுக்காத விவசாயம் வேண்டுமென்று நாலு பேரைச் சேர்த்துச் சங்கம் வைத்திருக்கிறீர்கள். அதன் மலரில் இந்தப் படத்தைப் போட்டு, ‘அந்தக் காலத்திலேயே மண்ணுக்காகப் போராடியவர்’ என்று கீழே என் பெயரை எழுதப் போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். எழுதாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுத்து. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாச்சியாபுரத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் எங்கள் ஊர். ஊருக்கு ஒரே கண்மாய். சித்திரை, வைகாசியில் தண்ணீர் வற்றியதும் தரையில் கறுப்பாக, கையில் எடுத்தால் வழுவழுவென்று படிந்து கிடப்பதுதான் வண்டல். அதை வெட்டி வண்டியில் கொண்டுபோய் வயலில் அடித்தால் வயலுக்கும் உரம், கண்மாய்க்கும் ஆழம். இதற்கு யாரையும் கேட்க வேண்டியிருந்ததில்லை. அறுபதுகளில் எங்கேயோ ஒரு ஊரில் கரையை ஒட்டித் தோண்டிக் கரை சரிந்துவிட்டது என்று சொல்லி, அனுமதி இல்லாமல் ஒரு கூடை மண்ணும் எடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். தலையாரி வந்து கண்மாயைச் சுற்றிச் சுற்றி நடந்தார். அதே சமயத்தில் புது விதையும் மூட்டை உரமும் வந்தன. வண்டலுக்குத் தடை, மூட்டைக்கு வரவேற்பு. முதல் வருஷம் பயிர் கருகருவென்று நின்றது. ஊரே வாயைப் பிளந்தது. பிறகு ஒவ்வொரு வருஷமும் மூட்டை கூடியது, மண் இறுகியது. காலை வைத்தால் பழைய ஓடு மாதிரி நொறுங்கியது.

என் அப்பாவுக்கு ஒரு தங்கை. எனக்கு அத்தை. புருஷன் போன பிறகு, நாச்சியாபுரத்துக்காரர் ஒருவரின் வயலைக் குத்தகைக்குப் பார்த்துத் தனியாகப் பிழைத்தவள். அவள் வயலில் இரண்டு வருஷம் தொடர்ந்து நெல் சாவியாகப் போனது. கதிர் இருக்கும், உள்ளே அரிசி இருக்காது. “இந்த வருசமும் இப்படின்னா வேற ஆளுக்கு விட்டுருவேன், எம்மேல வருத்தப்படக் கூடாது” என்று நிலத்துக்காரர் சொல்லிவிட்டார். மழைக்கு முன்னால் அந்த வயலில் வண்டல் விழ வேண்டும். அத்தைக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

எங்கள் சங்கம் கேட்டதும் அதைத்தான். கேட்டது நியாயம் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் கேட்டவர்களைப் பற்றித்தான் எனக்கு நல்ல வார்த்தை வரவில்லை. சங்கம் ஆரம்பித்தபோது முதலில் வந்தது ரப்பர் ஸ்டாம்பு. காரைக்குடிக்குப் போய் நானே செய்து வாங்கி வந்தேன். ஊதா மை தடவி அதை முதல் தடவை காகிதத்தில் அழுத்தியபோது தலைவர் கண்ணில் தண்ணீர் கட்டியது. அவருக்கு நிலம் மடையை ஒட்டி, நல்ல பூமி. தொழுவம் நிறைய மாடு. வண்டல் இல்லாமலே விளையும். திருடர் என்று நினைத்துவிடாதீர்கள். சங்கத்துக் காசில் ஒரு டீ கூடக் குடித்ததில்லை. திருடராக இருந்திருந்தால் என்றைக்காவது பிடித்து வெளியே தள்ளியிருப்போம். இவர் ஒழுங்கான மனிதர், அதனால் எங்கள் தலைமேல் உட்கார்ந்தே இருந்தார். குறை இருக்கிறவரைதான் தலைவர் இருப்பார் என்பது அவருக்கு உள்ளுக்குள் தெரியும். “கோரிக்கைக்குச் சூடு ஆறக் கூடாதுய்யா” என்று அடிக்கடி சொல்வார். ஊரில் எட்டாவது படித்தவன் நான் ஒருத்தன் என்பதால் என்னைச் செயலாளர் ஆக்கினார். எனக்கு அப்போது கல்யாணம் ஆகி ஒரு வருஷம். வீட்டில் பெண்டாட்டி முன்னால் ‘செயலாளரே’ என்று யாராவது வாசலில் கூப்பிட்டால் எனக்கு ஒரு சுற்றுப் பெருக்கும். ‘மூட்டை உரத்துக்குக் கடன் கொடுக்கும் சர்க்கார் கண்மாய் மண்ணுக்கு அனுமதி கொடுக்கலாகாதா?’ என்று மனுவில் ஒரு வரி எழுதினேன். அந்த வரியை நாலு வருஷம், நாலு மனுவில், மாற்றாமல் எழுதினேன். அவ்வளவு பிடித்துப்போனது.

நாலாவது மனுவுக்கு, யாரும் எதிர்பார்க்காமல், அனுமதி வந்துவிட்டது. வைகாசி பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. விவசாயிகள் கரையை விட்டுத் தள்ளி, தாங்கள் பயிர் செய்யும் வயலுக்கு மட்டும், ஆடி முடியும் வரை வண்டல் எடுத்துக்கொள்ளலாம் என்று கடிதத்தில் இருந்தது. அத்தை வீட்டு வாசலில் நின்று நானே சத்தமாகப் படித்துக் காட்டினேன். “அப்ப நாளைக்கே எடுக்கலாமாடா மருமகனே?” என்றாள். ஊரில் மற்றவர்களும் வண்டி அச்சுக்கு மைபோடத் தொடங்கினார்கள். அன்று சாயங்காலம் தலைவர் கூட்டம் போட்டார். “நாலு வருசப் போராட்டம். இத இப்படிச் சப்புன்னு முடிக்கிறதா? மொதக் கூடைய ஒரு பெரிய அதிகாரி கையால எடுக்க வைக்கணும். அப்பத்தான் நாலு ஊருக்குத் தெரியும்” என்றார். எல்லோரும் கை தட்டினோம். விழாவுக்கு முன்னால் யாரும் மண்ணைத் தொடக் கூடாது என்று தீர்மானம். எழுதியது நான். மீறி எடுத்தவனுக்கு மற்ற வண்டிக்காரர்கள் துணைக்கு வரக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதினேன். எங்கள் ஊரைத் தடுக்கத் தலையாரி தேவையே இல்லாமல் போனது, நாங்களே தடுத்துக்கொண்டோம்.

வைகாசி முழுக்க நோட்டீசில் போனது. தலைமை யார், முன்னிலை யார், வரவேற்புரை யார், நன்றியுரை யார்? காரைக்குடி அச்சகத்துக்கு மூன்று தடவை பஸ் ஏறினேன். துணைத்தலைவர் பெயரைச் சின்ன எழுத்தில் போட்டுவிட்டேன் என்று அவர் பத்து நாள் கூட்டத்துக்கே வரவில்லை. வயலில் வெயில் காய்கிறது, கண்மாயில் வண்டல் காய்கிறது, நாங்கள் எழுத்தின் அளவைப் பற்றிப் பஞ்சாயத்துப் பண்ணிக்கொண்டிருக்கிறோம். நோட்டீசு அடித்து முடித்தால், அதிகாரிக்கு அந்தத் தேதி ஒத்துவரவில்லை. ஆனியில் வேறு தேதி. அதுவும் தள்ளிப்போனது. ஆடி மூன்றாம் வாரத்தில் வருவதாகச் சொன்னார்கள். இதற்குள் கண்மாய்க்குள் பந்தல் வேலையைத் தொடங்கி, கரையிலிருந்து பந்தல் வரை, அதிகாரி செருப்பில் ஒட்டக் கூடாது என்று வண்டல் மேலேயே ஆற்று மணலைப் பரப்பினோம். வெட்டுகிற மண்ணைக் கூடையில் எடுத்தால் அவர் வேட்டி அழுக்காகும் என்று தட்டு ஏற்பாடு. அந்தத் தட்டு எங்கள் கல்யாணத்துக்கு வந்தது.

விழாவுக்கு நாலு நாள் இருக்கும். காலையில் மணல் பாதையைப் பார்க்கப் போனேன். அத்தை தலையில் சும்மாடு கட்டி, கூடை நிறைய வண்டலைச் சுமந்துகொண்டு அந்த மணல் பாதை வழியாகவே ஏறி வந்துகொண்டிருந்தாள். பந்தல் கால் நடுகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“என்னத்தே இது?”

“பாத்தாத் தெரியலையா? மண்ணுடா.”

“மொதக் கூடைய அதிகாரி வந்துதான் எடுக்கணும். தீர்மானம் போட்டிருக்குல்ல?”

“அவரு எந்த வயலுக்குடா அடிக்கப் போறாரு?”

பந்தல்காரர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. அதற்குள் தலைவர் கரையிலிருந்து இறங்கி வந்துவிட்டார். குரலை உயர்த்தவில்லை, அவர் என்றைக்குமே உயர்த்த மாட்டார். “ஏம்மா, நாலு வருசம் பொறுத்தீக. நாலு நாள் பொறுக்க மாட்டீகளா? செயலாளர் வீட்டு ஆளே இப்படிச் செஞ்சா மத்தவுக என்ன சொல்லுவாக?”

“நாலு நாளு நாலு நாளுன்னே வைகாசியும் போச்சு, ஆனியும் போச்சு” என்றாள் அத்தை. “அங்குட்டு வானத்தப் பாருங்க தலைவரே, கிழக்க எப்படிக் கறுத்துக் கெடக்குன்னு. அந்த மேகத்துக்கும் ஒரு நோட்டீசு அடிச்சுக் குடுங்க, விழா முடிஞ்சு வரட்டும்.”

தலைவர் என்னைப் பார்த்தார். ‘நீ பார்த்துக்கொள்’ என்கிற பார்வை. சட்டைப்பையில்தான் அந்த அனுமதிக் கடிதம் இருந்தது. அதில் விழா என்று ஒரு சொல் கிடையாது. அதிகாரி வர வேண்டுமென்று கிடையாது. ஊரில் அதை வரிவரியாகப் படித்தவன் நான் ஒருத்தன்தான். ஆனாலும் நான் போய் அத்தை தலையிலிருந்த கூடையை இறக்கி, மணல் பாதைக்கு அந்தப் பக்கம் கவிழ்த்தேன். யாரோ மிதித்துச் சமப்படுத்தினார்கள். அத்தை வெறுங்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சும்மாட்டுத் துணியை ஒரு தடவை உதறித் தோளில் போட்டாள். கரை ஏறி நடந்தாள். செயலாளர் கண்டிப்பானவர் என்று அன்றைக்குத் தலைவர் எல்லோரிடமும் சொன்னார். எனக்கு அது இனித்தது. இதை மறைக்கக் கூடாது என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

மறுநாள் பிற்பகலில் பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. மேலே இருக்கிற கண்மாய் நிறைந்து எங்கள் கண்மாய்க்கும் தண்ணீர் வந்தது. பந்தல் காலில் இரண்டு மிதந்தன. வண்டி இறக்கினால் அச்சு வரை புதையும். அனுமதியும் அந்த மாதத்தோடு முடிகிறது. இதோடு விட்டிருந்தாலாவது மனிதர்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். விழாவை நடத்தினோம்! கரை மேல், குடை பிடித்துக்கொண்டு நடத்தினோம். வண்டல் தண்ணீருக்கு அடியில் போய்விட்டதே, தட்டில் எதை வைப்பது என்று ஒரு நிமிஷம் கை பிசைந்தோம்; தலைவர் வீட்டுக் கொல்லையிலிருந்து, வாழை மரத்தடியில் சுரண்டி எடுத்து வந்தார்கள். அதிகாரி தட்டைத் தூக்கிக் காட்டினார். காரைக்குடியிலிருந்து வந்த போட்டோக்காரர் படம் எடுத்தார். ‘மண்ணின் மைந்தர்களே’ என்று நான் வரவேற்புரை வாசித்தேன். மலரில் நீங்கள் போட நினைக்கும் படம் இதுதான்.

உங்கள் கூட்டத்துக்குப் போன மாதம் வந்திருந்தேன் அல்லவா? கோரிக்கை நல்ல கோரிக்கை. ஆனால் ஒரு மணி நேரம் பேனரில் யார் படம் பெரிதாக இருக்க வேண்டும் என்று பேசினீர்கள். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து வெளியே போனேன். எங்கள் கண்மாயில் இப்போது சீமைக்கருவேலம் நிற்கிறது; வண்டல் எடுக்க ஆளும் இல்லை, வயலும் பாதி இல்லை. சர்க்கார் கெடுத்தது, கம்பெனி கெடுத்தது என்று நீங்கள் எழுதுவதில் பொய் இல்லை. சர்க்கார் ஒரே ஒரு வருஷம், அதிலும் மூன்று மாதம், வழியை விட்டு விலகி நின்றது. அந்த மூன்று மாதத்தையும் அடைத்துக்கொண்டு நின்றவர்கள் நாங்கள். அதை எந்த மலரிலும் யாரும் எழுத மாட்டார்கள்.

அத்தை வெறும் மண்ணில்தான் விதைத்தாள். தை மாதம் மூன்றாவது தடவையாகச் சாவி. நிலத்துக்காரர் சொன்னபடி வயலை வேறு ஆளுக்கு விட்டார். தலைவரிடம் போய்ச் சொன்னேன். உண்மையிலேயே வருத்தப்பட்டார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “ஒரு மனு எழுதிருவோம்யா” என்றார். நானும் எழுதினேன், பிள்ளைகளா. நிலத்துக்காரருக்கு இரண்டு பக்கம் எழுதி ஊதா ஸ்டாம்பு அடித்தேன். பாதிக்கப்பட்டவரின் கைநாட்டு வேண்டுமென்று தலைவர் சொன்னதால், அத்தையைத் தேடிப் புதுவயல் என்கிற ஊருக்குப் போனேன். அங்கே ஓர் அரிசி ஆலையில் கூலிக்குச் சேர்ந்திருந்தாள். களம் முழுக்க அவித்த நெல் ஆவி பறக்கப் பரப்பியிருந்தார்கள். பெண்கள் வரிசையாகக் காலால் துழாவிக்கொண்டே போனார்கள். நான் வெள்ளை வேட்டியும் செருப்புமாக, மனுவைக் கையில் பிடித்துக்கொண்டு, “அத்தே” என்று கூப்பிட்டபடி களத்துக்குள் இறங்கிவிட்டேன்.

அத்தை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை, அழுகை இல்லை. பிறந்ததிலிருந்து என்னை ‘டா’ போட்டே கூப்பிட்டவள், ஆலைக்கு வந்த யாரோ ஒரு பெரிய மனுஷனிடம் பேசுகிற மாதிரி, பணிவாகச் சொன்னாள்:

“செருப்புக் காலோட நெல்ல மிதிக்காதீக. அங்குட்டு ஓரமா நில்லுங்க.”