பீர்மேட்டுக்குப் போன பட்டுப் போர்வை

கல்யாணமான சில வாரங்களிலேயே என் கணவர் பீர்மேட்டு மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குக் கணக்கராகப் போய்விட்டார். அங்கே கணக்கர் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே அறை. மனைவியைக் கூட்டிக்கொண்டு போக வழியில்லை. இராஜாக்கமங்கலத்துப் பக்கம் அவருடைய வீட்டில் நானும் மாமியாரும் மட்டும் இருந்தோம். மாமி அதிகம் பேசமாட்டார். விடிந்தால் வயலுக்குப் போய்விடுவார், ஞாயிற்றுக்கிழமை என்றால் கோயிலுக்கு. கடல் இரைச்சலைத் தவிர எனக்குப் பகலில் துணை கிடையாது.

கிறிஸ்துமஸ் லீவுக்கு அவர் வந்தார். மத்தியான வெக்கையில் வெறும் பாயில் படுத்திருந்தவர், முழங்காலை நெஞ்சோடு சேர்த்து, கைகளைத் தொடைக்கிடையில் செருகிக்கொண்டு தூங்கினார். முதுகெல்லாம் வேர்வை. ஆனாலும் உடம்பு குளிரில் கிடப்பதுபோல்தான் சுருண்டிருந்தது. எழுந்ததும் கேட்டேன்.

“அங்க கம்பளி ஒண்ணும் இல்லியா?”

“உண்டு. அது பட்டா உடம்பெல்லாம் தடிச்சிருது. வேட்டிய ரெண்டா மடக்கி மூடிக்கிடுவேன்.”

அவர் திரும்பிப் போன பிறகு அந்தத் தூக்கம் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. பட்டு உடம்பை உறுத்தாது, உள்ளே பஞ்சு வைத்தால் சூடு தாங்கும் என்று எனக்குத் தெரியும். மிஷன் பள்ளியில் லேஸ் பின்னவும் பூத்தையல் போடவும் படித்தபோது, துரைசானி ஒருத்தி தன் ஊரிலிருந்து கொண்டுவந்த, துண்டுத்துணிகளைச் சேர்த்து உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த ஒட்டுப் போர்வையைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். என்னிடம் பட்டு என்று இருந்தது அரக்கு நிறக் கல்யாணச் சேலையும், சின்ன வயதுப் பாவாடை ஒன்றும்தான்.

கத்தரியோடு உட்கார்ந்திருந்தபோது மாமி வந்துவிட்டார்.

“கல்யாணச் சேலையில கத்தரி வைக்கியா?”

“ஆமா மாமி. போர்வை தைக்கப் போறேன்.”

“அவன் கேட்டானா?”

“இல்ல.”

மாமி அடுக்களைக்குப் போய்விட்டார்.

பட்டை வெட்டுவது லேசான காரியமில்லை. கத்தரி பட்டதும் நூல் பிரிந்து வரும், கைக்கு நிற்காமல் வழுக்கும். சேலையின் பின்பக்கம் மெல்லிய மல்துணியை வைத்துத் தைத்து, அதற்கப்புறம்தான் சதுரங்களாக வெட்டினேன். தடித்த ஊசி குத்தினால் ஓட்டை மறையாது, அதனால் பூத்தையல் ஊசியால்தான் தைத்தேன். கை வேர்த்துப் பட்டில் பட்டால் கறை. வெயில் ஏறும் முன்னே, காலையில் மட்டும் உட்காருவேன். சரிகைக் கரையைச் சேர்க்கவில்லை, அது பக்கத்துத் துண்டை அறுத்துவிடும். உள்ளே இலவம்பஞ்சு வைத்தேன். அது ஓரிடத்தில் போய்க் கட்டிக்கொள்ளும் என்பதால் நெருக்கமாகத் தையல் ஓட்டினேன். அடிப்பக்கத்துக்கு அவருடைய பழைய வேட்டியையே போட்டேன். இரண்டு பக்கமும் பட்டென்றால் தூக்கத்தில் நழுவி விழுந்துவிடும்.

முடிய மழைக்காலம் வந்துவிட்டது. அதே தோட்டத்துக் கம்பவுண்டர் ஊருக்கு வந்திருந்தார், அவர் கையில் கொடுத்தனுப்பினேன். கிடைத்தது, ரொம்ப நன்றாயிருக்கிறது என்று பதில் வந்தது.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்தது. விளக்கணைத்துப் படுக்கும்போது, இப்போது அவர் அதை இழுத்து மூடியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். எந்தச் சதுரம் கழுத்தில் படும், எது காலில் படும் என்றுகூட யோசிப்பேன். பேச ஆளில்லாத அந்த வீட்டில் அது எனக்குப் போதுமாயிருந்தது. லீவுக்கு வந்தபோது, “மூடுதீங்களா?” என்று கேட்டேன். சிரித்தார். அதையே பதிலாக எடுத்துக்கொண்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் கம்பவுண்டர் ஆளனுப்பினார். என் கணவருக்கு மார்ச்சளியும் காய்ச்சலும் முற்றிவிட்டது, உடனே வரவேண்டும் என்று. என் அண்ணன் கூட வந்தான். திருவனந்தபுரம், கோட்டயம் என்று பஸ் மாறி மாறி மலையேறினோம்.

அவர் கட்டிலில் நடுங்கிக்கொண்டு கிடந்தார். மேலே இரண்டு சாக்கு, அதன் மேல் தோட்டத்துக் கம்பளி. கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்திருந்தது.

“போர்வை எங்க?”

கட்டிலுக்கடியில் கையைக் காட்டினார். தகரப் பெட்டிக்குள், செய்தித்தாள் சுற்றி, பாச்சை உருண்டை போட்டு, மடித்த மடிப்பிலேயே இருந்தது. விரித்தேன். மடிப்பு விழுந்த இடமெல்லாம் பட்டு கீறிப் பஞ்சு தெரிந்தது. மலையின் ஈரத்தில் பூஞ்சை பிடித்திருந்தது.

“இதப் பெட்டிக்குள்ள வச்சிட்டு சாக்கப் போட்டுக் கிடக்கீங்களே.”

“மூடுனா அழுக்காவுமே. உனக்க கல்யாணச் சேலையில்லா.”

“சேலையா இருக்கணும்னா நான் வெட்டுவனா?”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடியபடியே சொன்னார். “ஞாயித்துக்கெழம கூட இருக்க ரெண்டு பேரும் சந்தைக்குப் போவாங்க. அப்போ எடுத்து விரிச்சுப் பாத்துக்கிட்டு இருப்பேன். பொறவு மடக்கி வச்சிருவேன்.”

எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. அங்கே ஊரில் நான் மனதுக்குள் அவரை அதற்குள் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், இங்கே அவர் அதை விரித்து வைத்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அடுப்பு மூட்டி அதன் பக்கத்தில் போர்வையைக் காயவைத்து, பூஞ்சையை மெல்லத் தட்டிவிட்டேன். கீறிய பட்டை இழுத்துத் தைத்தால் இன்னும் கீறும். பழைய கொசுவலையை நாடாவாக வெட்டி, கீறல்களுக்கு மேலே பதித்துத் தைத்தேன். பார்க்க நன்றாக இல்லை. சாக்கை எடுத்துவிட்டு அதை அவர்மேல் போட்டேன். சாயங்காலம் நடுக்கம் நின்றது. காய்ச்சல் இறங்கப் பல நாளாயிற்று.

அந்த நாட்களில் மற்ற இரண்டு கணக்கர்களும் கம்பவுண்டர் வீட்டில் படுத்தார்கள். எத்தனை நாள் அப்படி விடமுடியும்? அவர் எழுந்து நடந்ததும் நான் அண்ணனோடு புறப்பட்டேன். பஸ்ஸில் ஏறியபோது, “இனி பெட்டியில வைக்கமாட்டேன்” என்றார்.

சொன்னபடியே செய்தார். சில வருஷங்களில் அது நைந்து நூலாகிவிட்டது. அவருக்குத் தனி வீடு கிடைத்தபோது மாமி மலைக்கு வரமாட்டேன் என்றார். மாமியை ஒற்றையில் விட்டுவிட்டு என்னால் போக முடியவில்லை. மழை தொடங்கும் முன் போய்ச் சில வாரம் இருந்துவிட்டு, நாற்று நடவுக்குத் திரும்பிவிடுவேன். எங்களுடைய நல்ல வயது அப்படித்தான் போயிற்று.